உவேயாவின் ராஜாக்கள் ஏன் கத்தோலிக்கர் ஆனார்கள்?

பிரான்ஸ் குடியரசுக்குள் இன்றைக்கும் மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள். சொந்த ராஜாவின் தலையை வெட்டிய நாடு, தேவாலயம் வேறு அரசு வேறு என்று 1905-இல் சட்டம் போட்ட நாடு, பசிபிக் கடலில் இருக்கும் இரண்டு சின்னத் தீவுகளின் ராஜாக்களுக்கு மட்டும் அரசுப் பணத்தில் படி கொடுக்கிறது, அங்குள்ள ஆரம்பப் பள்ளிகளைப் பல பத்தாண்டுகள் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் விட்டு வைத்தது. வாலிஸ், ஃபுத்துனா. வாலிஸை அந்த ஊர்க்காரர்கள் உவேயா என்பார்கள். அதன் ராஜாவுக்கு லவெலுவா என்று பட்டம். ஃபுத்துனாவில் அலோ, சிகாவே என்று இரண்டு ராஜ்யங்கள். எல்லாம் சேர்த்தும் 12,000 பேர் தேற மாட்டார்கள்.

இந்தத் தீவுகள் மதம் மாறிய கதையை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பிரான்சிலிருந்து சாமியார்கள் வந்தார்கள், ஒருவர் மறைசாட்சியாக, அதாவது மதத்துக்காக உயிர் கொடுத்தவராக, இறந்தார், அந்த ரத்தத்தில் தீவே மனம் மாறியது. பக்தியாகச் சொல்பவர்களும் சரி, காலனியம் பண்பாட்டை அழித்தது என்று கோபமாகச் சொல்பவர்களும் சரி, இரண்டு தரப்பும் கதாநாயகன் இடத்தில் வெள்ளைக்காரச் சாமியாரைத்தான் உட்கார வைக்கிறார்கள். அங்கே ராஜாக்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அரசியல் தெரிந்திருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எனக்கு இதில்தான் சண்டை.

ஃபுத்துனாவை எடுத்துக்கொள்வோம். 1837 நவம்பரில் மாரிஸ்ட் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவற சபையின் சாமியார் பியர் ஷனேல் அங்கே இறங்குகிறார். அலோவின் ராஜா நியூலிக்கி அவரை விரட்டவில்லை, தங்க இடம் கொடுக்கிறார். 1839-இல் சிகாவேயோடு போர் வருகிறது, நியூலிக்கி ஜெயிக்கிறார். தோற்ற பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் புது மதத்தின் மீது அதிகம் நாட்டம் இருந்தது. ஜெயித்தவனின் சாமி ஜெயித்தவனோடு இருக்கும்போது தோற்றவன் வேறு சாமியைத் தேடாமல் என்ன செய்வான்?

நியூலிக்கி வெறும் ராஜா இல்லை. ஃபுத்துனாவின் பெரிய தெய்வமான ஃபாகாவெலிக்கேலே அந்த ராஜாவின் உடம்பில்தான் குடியிருக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அவருடைய சொந்த மகன் மெய்த்தாலா புது மதத்தில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது அந்த வீட்டில் என்ன இடி விழுந்திருக்கும் என்று புரியும். மகன் சொன்னதற்கு அர்த்தம், அப்பாவின் உடம்பில் தெய்வம் இல்லை என்பது. அந்த நம்பிக்கை போய்விட்டால் அவர் எதற்கு ராஜா?

1841 ஏப்ரல் 28. முதல் அடி மெய்த்தாலாவுக்கும் அவனோடு இருந்தவர்களுக்கும் விழுந்தது. அப்புறம்தான் அந்தக் கூட்டம் ‘போய்’ என்ற பெயருள்ள ஊரில் இருந்த ஷனேலின் வீட்டுக்கு வருகிறது. ராஜாவுக்கு நெருங்கிய சொந்தக்காரன் முசுமுசு முன்னால் வந்து, அடிபட்டுவிட்டது, மருந்து வேண்டும் என்று கேட்கிறான். ஷனேல் அவனைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் வீட்டைச் சூறையாட ஆரம்பிக்கிறார்கள், ஒருவன் தடியால் அடிக்கிறான், கடைசியில் முசுமுசுவே வாய்ச்சியால் மண்டையைப் பிளக்கிறான். அதே வருடம் நியூலிக்கியும் இறந்துபோகிறார். தெய்வம் குடியிருந்த உடம்பு போய்விட்டது. கொஞ்ச வருடங்களுக்குள் தீவு முழுக்கத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கிவிட்டது, முசுமுசு உட்பட. ஷனேலுக்கு 1954-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருடைய மரணத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை, மருந்து போட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கொன்றார்கள், அது கொடூரம். ஆனால் மெய்த்தாலாவும் அன்றைக்கு அடி வாங்கினான், அவன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

உவேயாவில் கதை வேறு விதமாகப் போனது. அங்கே வந்தவர் இன்னொரு மாரிஸ்ட் சாமியார் பியர் பத்தாயோன், அதே 1837 நவம்பர். இங்கே புது மதத்துக்கு முதலில் இடம் கொடுத்தது ராஜா இல்லை, ராஜாவின் உறவுக்காரரான துங்காஹாலா. லவெலுவா வைமுவா ஐந்து வருடம் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தார். குடிமக்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, 1842-இல்தான் அவர் திருமுழுக்கு வாங்கினார். வாங்கிய கையோடு பிரான்சிடம் பாதுகாப்புக் கேட்டுக் கடிதமும் போனது. தெற்கே தோங்காத் தீவுகளில் டௌஃபாஹாவு என்ற ராஜா மெதடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) ஆகி, அந்த மதத்தையே துணையாக வைத்துக்கொண்டு தீவுகளை ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த நேரம் அது. உவேயாவுக்கும் தோங்காவுக்கும் பல நூற்றாண்டு உறவு, பழைய காலத்தில் தோங்காவின் ஆதிக்கத்தில் இருந்த தீவுதான் இது. மெதடிஸ்ட் ஆனால் மறுபடியும் தோங்காவுக்குக் கீழே போக வேண்டியதுதான். கத்தோலிக்கம் அந்த வாசலை அடைத்தது. வைமுவாவுக்கு நம்பிக்கையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, மனுஷன் மனசுக்குள் போய் யார் பார்த்தது? ஆனால் இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு அமேலியா ராணியின் காலம், 1869 முதல் 1895 வரை. 1870-இல் வந்த சட்டத்தொகுப்புக்குப் பத்தாயோன் சட்டம் என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதிலிருந்து யார் யாருக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது வரை அதில் இருந்தது, மீறினால் அபராதம், தண்டனை. ஒரு தீவு முழுவதையும் மடத்து விதிப்படி நடத்தப் பார்த்தார்கள். சாமியார் சட்டம் எழுதி ராணி பெயரில் வெளியிட்டால், அந்த ஊரில் தெய்வத்தோடு ஒத்துப்போகாதவன் எங்கே போவான்? இந்தப் பகுதியை மழுப்பி எழுதுபவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது: வெளியாட்களுக்கு நிலம் விற்கக் கூடாது. ஹவாயியில் என்ன நடந்தது என்று பாருங்கள். நிலம் கரும்புத் தோட்ட முதலாளிகள் கைக்குப் போன பிறகு, 1893-இல் ராணியையே இறக்கிவிட்டார்கள். பசிபிக்கின் இன்னொரு தீவான தஹிதியில் ராஜா ஐந்தாம் பொமாரே 1880-இல் நாட்டைப் பிரான்சிடம் எழுதிக் கொடுத்தார். அதே கடலில் இருக்கும் மங்காரேவா தீவிலும் கத்தோலிக்க ராஜாக்கள்தான் இருந்தார்கள், 1881-இல் அந்த அரசும் போயிற்று. கத்தோலிக்கம் மட்டும் காப்பாற்றியிருந்தால் மங்காரேவாவும் பிழைத்திருக்க வேண்டுமே. உவேயாவில் நிலம் ஊர்க்காரர்களிடமே நின்றது, அதனால் ராஜா நின்றார். அமேலியா 1886-இல் பிரான்சோடு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோதும் சிம்மாசனத்தை விட்டுக் கொடுக்கவில்லை. 1959-இல் மக்கள் பிரான்சோடு இருப்பதென்று பெரும்பான்மையாக வாக்களித்தார்கள், 1961 சட்டம் ராஜாக்களையும் வழக்கங்களையும் மதத்தையும் ஒரே சட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

உவேயாவின் தலைநகரான மாத்தா ஊத்துவில் அரண்மனையும் பேராலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. திருநாள் என்றால் முதலில் பூசை. முடிந்ததும் வெளியே வந்து பார்த்தால், திறந்த வெளியில் சுட்ட பன்றிகள் வரிசையாகக் கிடக்கும், பக்கத்தில் குவியல் குவியலாகக் கிழங்கு, மரப்பட்டைத் துணி, பாய். அப்புறம் கவா வேர் கரைத்த சிரட்டை கைமாறும். யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்பதில் ஒரு தப்பு நடக்கக் கூடாது, அந்த வரிசையில்தான் ஊரின் முழு அதிகாரமும் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு பண்பாடு அழிந்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வராது.

சிக்கல் இல்லாமல் இல்லை. 2005-இல் வாகனம் ஏற்றி ஒருவர் இறக்கக் காரணமான பேரனை லவெலுவா அரண்மனைக்குள் வைத்துக்கொண்டு போலீசிடம் கொடுக்க மறுத்தார், தீவு இரண்டாகப் பிளந்தது. 2016-இல் ஒரே நேரத்தில் இரண்டு பேர் லவெலுவா என்று உரிமை கொண்டாடினார்கள். இன்றைக்கு உவேயா, ஃபுத்துனா மக்களில் அதிகம் பேர் நியூ கலிடோனியாவில் பிழைக்கிறார்கள். சொந்தத் தீவில் இருப்பவர்களைவிட அங்கே எண்ணிக்கை கூடுதல். அந்தப் பிள்ளைகளுக்கு ராஜா எந்த அளவுக்கு ராஜா, ஆயர் எந்த அளவுக்கு ஆயர் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பாரிசில் உட்கார்ந்துகொண்டு மதச்சார்பின்மைக்கு இது இழுக்கு என்று எழுதுபவர்களுக்கோ, ரோமில் உட்கார்ந்துகொண்டு பெருமைப்படுபவர்களுக்கோ அதில் வேலை இல்லை.