அப்பா தொட்டுக் கும்பிட்டது டப்பா இல்லை

அந்த ரீல்ஸை எனக்கு இனி யாரும் அனுப்ப வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறீர்கள் என்று புரிகிறது. பார்த்துவிட்டேன். அப்பாவும் பார்த்துவிட்டார். அவருக்கு யார் காட்டினார்கள் என்று தெரியவில்லை.

பார்க்காதவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். 2019-ல் கொல்கத்தா மெட்ரோவின் பழைய ஏசி இல்லாத ரேக்கில் (பெட்டிகள் கோத்த ஒரு முழு ரயிலை அப்படித்தான் சொல்வார்கள்) நாங்கள் போனபோது எடுத்த வீடியோவை அப்போதே இங்கே போட்டிருந்தேன். அதில் அப்பா கதவுக்குப் பக்கத்தில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற இடத்தை மட்டும் வெட்டி, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து, "டப்பா ரயிலுக்குப் பாலாபிஷேகம்" என்று தலைப்பு வைத்துப் போட்டிருக்கிறார் நம் எல்லோருக்கும் தெரிந்த அந்த நண்பர். கீழே இன்னும் பலர் வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "காயலான் கடைக்குப் போற இரும்புக்கு ஃபிளைட் பிடிச்சுப் போய் அழுறாங்க" என்று ஒருவர். நாங்கள் போனது ரயிலில், சாதாரண ஸ்லீப்பரில்.

ஓய்வுபெறப் போகும் ரயிலில் கடைசியாக ஒரு தடவை ஏறிப் போய்விட்டு வருவதில் கேலிக்கு என்ன இருக்கிறது? இதை நிதானமாகத்தான் கேட்கிறேன்.

முதலில் அந்த "டப்பா" எது என்று தெரிந்துகொள்ளலாம். 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை, வெறும் 3.4 கிலோமீட்டர், ஐந்து ஸ்டேஷன்கள். இந்தியாவின் முதல் சுரங்க ரயில் அன்றைக்கு ஓடியது. இப்போது ஊருக்கு ஊர் மெட்ரோ வந்துவிட்டதால் இது பெரிதாகத் தெரியாது. டெல்லியில் பூமிக்கு அடியில் ரயில் ஓடியதே 2004 டிசம்பரில்தான். அதுவரை இருபது வருடம், இந்த நாட்டில் பாதாள ரயில் என்றால் கொல்கத்தாவில் ஓடிய அந்த ரேக்குகள் மட்டும்தான். இப்போது மாதிரி இயந்திரத்தை இறக்கிக் குடைந்த சுரங்கமும் இல்லை அது, பெரும்பகுதி. நகரத்தின் முக்கியமான சாலைகளை வருடக்கணக்கில் தோண்டிப் போட்டு, பெட்டி மாதிரி கான்கிரீட் கட்டி, மேலே மூடிய பாதை. 1972-ல் அடிக்கல் நாட்டி, ஓட 1984 ஆயிற்று. டம்டமிலிருந்து டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் சேர 1995.

அந்தப் பெட்டிகளைச் செய்தது பெரம்பூர் ஐசிஎஃப், ரயில் பெட்டித் தொழிற்சாலை. நம் சென்னை.

அப்பா ஐசிஎஃப்பில் ஷெல் பிரிவில் வெல்டராக இருந்தவர். ஷெல் என்றால் பெட்டியின் கூடு: அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை. அது முடிந்து ஃபர்னிஷிங்குக்குப் போனால்தான் சீட்டு, ஃபேன், விளக்கு எல்லாம் ஏறும். ஷெல்லில் வேலை பார்த்தவர்களின் கைவேலை முழுக்கப் பேனலுக்கும் பெயின்ட்டுக்கும் பின்னால் போய்விடும். "நாங்க போட்ட வெல்டிங்கை எந்தப் பாசஞ்சரும் பார்த்ததில்லம்மா" என்பார். வருத்தமாகச் சொல்ல மாட்டார், சாதாரணமாகத்தான் சொல்வார்.

எண்பதுகளில் மெட்ரோ பெட்டி வந்தபோது அவர்கள் பிரிவில் அது பெரிய பேச்சு. எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டிக்கு இரண்டு முனையிலும் கதவு இருந்தால் போதும். மெட்ரோவில் கூட்டம் சில நொடிகளில் இறங்கி ஏற வேண்டும், அதனால் பக்கத்துக்குப் பல கதவுகள். சுவரில் எத்தனை திறப்பு விடுகிறோமோ அவ்வளவுக்கு அதன் பலம் குறையும். கூரையின் பாரமும், உள்ளே நெருக்கி நிற்கும் ஜனங்களின் பாரமும் கதவோரத் தூண்களில் வந்து இறங்கும். அங்கே வெல்டிங் பிசகினால் பெட்டியே நாளடைவில் விரிசல் விடும். இதையெல்லாம் சின்ன வயதில் சோறு சாப்பிடும்போது கேட்டு வளர்ந்தவள் நான்.

ரீல்ஸில் அப்பா எந்த இடத்தைத் தொடுகிறார் என்று இப்போது போய்ப் பாருங்கள். கதவோரத் தூண்.

கொல்கத்தாவுக்கு அவர் அதுவரை போனதே இல்லை. பெட்டிகள் போயின, அவர் போகவில்லை. புது ஏசி ரேக்குகள் வரப்போகின்றன, பழையவற்றைப் படிப்படியாக எடுத்துவிடுவார்கள் என்று செய்திகள் வரத் தொடங்கியபோது நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். லேக் மார்க்கெட் பக்கத்தில் பெரியம்மா மகன் குடும்பம் இருக்கிறது. தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி அது. அங்கிருந்து நடந்தால் காளிகாட் ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஏசி ரேக் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தோம். பழைய ரேக் வந்ததும் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஏறினார்.

உள்ளே சத்தம் காதைக் கிழித்தது. சுரங்கக் காற்று ஜன்னல் வழியாக அப்படியே முகத்தில் அடித்தது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தது. ரவீந்திர சதன் ஸ்டேஷன் சுவரில் தாகூரின் கையெழுத்தும் கோட்டோவியங்களும் இருக்கின்றன, பாருங்கள் என்று காட்டினேன். அவர் திரும்பவே இல்லை, கூரையும் சுவரும் சேரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த வங்காளிப் பெரியவர் ஒருவர் என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பெட்டியில் இருந்தவர்களிடம் வங்காளத்தில் ஏதோ உரக்கச் சொன்னார். "மெட்ராஸ், மெட்ராஸ்" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அப்பாவை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றபடியே வந்தார். இறங்கும்போதுதான் அப்பா தூணைத் தொட்டுக் கும்பிட்டார்.

அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

இனி வரப்போகும் கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அந்த வேக்காட்டில் தினமும் வேலைக்குப் போனவனிடம் கேட்டுப் பார், ஏசி எவ்வளவு நிம்மதி என்று சொல்வான்." ஆமாம், நிம்மதிதான். மே மாதக் கொல்கத்தாவின் புழுக்கத்தில் ஏசி இல்லாத ரேக்கில் நெருக்கியடித்துப் போவது கொடுமை. பழைய ரேக்கே ஓடட்டும் என்று நான் எங்கே சொன்னேன்? 2010-ல் வந்த முதல் ஏசி ரேக்குகளும் இதே பெரம்பூரில் செய்தவைதான். அப்பா ஓய்வுபெற்ற பிறகு அவருடைய ஜூனியர்கள் வேலை பார்த்தவை. புதுசு வருவதில் எங்கள் வீட்டுக்கு இருக்கும் சந்தோஷம் உங்களுக்கு இருக்காது. புதுசை வரவேற்பவர்கள் பழையதை வழியனுப்பக் கூடாது என்று எந்த ஊரில் வழக்கம்?

"ஃபோட்டோ எடுக்க வருகிற கும்பலால் தினசரிப் பயணிகளுக்குத் தொல்லை." சில இடங்களில் நடக்கிறதுதான். நாங்கள் யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை, டிக்கெட் எடுத்து ஓரமாக நின்று போனோம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

"உயிரில்லாத பொருளுக்கு எதற்கு இந்த சென்டிமென்ட்?" இதை ஒரு தமிழர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆயுத பூஜை அன்று உங்கள் பைக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிப் படம் போட்டீர்களே, அது எந்த உயிருக்கு? லேத்துக்கும் வெல்டிங் மெஷினுக்கும் பொட்டு வைத்துப் பொரி கடலை படைக்கிற ஊர் இது. சோறு போடுகிற இரும்பைக் கும்பிடுவது எங்கள் வீட்டில் கேலிக்குரிய விஷயமாக இருந்ததே இல்லை. உங்கள் வீட்டிலும் இருந்திருக்காது.

இன்னொருவர், இதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்கிறார். நியூயார்க்கில் 1964-லிருந்து ஓடிய ஆர்32 என்ற சுரங்க ரயில்களை நிறுத்தியபோது வாரக்கடைசிகளில் வழியனுப்பும் ஓட்டம் வைத்தார்கள். 2022 ஜனவரியில் கடைசி ஓட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறினார்கள் ஜனங்கள். புவனோஸ் அயர்ஸ் சுரங்க ரயிலில் 1913-லிருந்து ஓடிய மரப்பெட்டிகளை 2013-ல் நிறுத்தியபோது அந்த ஊர் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் ஏறினார்கள். லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஓடிய பழைய ரயில்களுக்கும் 2017-ல் இதேதான் நடந்தது. அந்த வீடியோக்களை "என்ன ரசனை, என்ன பண்பாடு" என்று இதே நண்பர்தான் பகிர்வார். கோட்டு போட்டவன் செய்தால் பண்பாடு, வேட்டி கட்டிய வெல்டர் செய்தால் பாலாபிஷேகமா? கோபமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், கோபம்தான்.

நம் ஊரில் எதற்காவது ஒழுங்காக விடை கொடுத்திருக்கிறோமா? பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-ல் தொடங்கி 2004-ல் நின்றது. எழுபது வருடங்களுக்கு மேல் இந்த நகரத்தையே அலுவலகத்துக்கும் காலேஜுக்கும் சுமந்துகொண்டு போன ரயில். அந்தப் பெட்டிகளின் உள்பக்கம் எப்படி இருந்தது என்று என் தம்பி மகனுக்குக் காட்ட எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அன்றைக்கு யாராவது கடைசி ரயிலில் ஏறித் தூணைத் தொட்டுக் கும்பிட்டிருந்தால், அவரையும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

அப்பா ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு ஆளுயர மாலை போட்டு, மேளத்தோடு, பட்டாசு வெடித்து, கூட வேலை பார்த்தவர்கள் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஊர்வலங்கள் பழக்கம். அம்மா ஆரத்தி எடுத்தார். தெருவில் ஒருவரும் "வயசான ஆளுக்கு எதற்கு இவ்வளவு" என்று கேட்கவில்லை. அவர் செய்த பெட்டிகளுக்கு 2021 அக்டோபர் 24 அன்று, ஓடத் தொடங்கிய அதே தேதியில், 37 வருடம் கழித்து, மகாநாயக் உத்தம் குமார் ஸ்டேஷனில் (பழைய டாலிகஞ்ச்தான்) விடை கொடுத்தார்கள். கொரோனா காலம், நாங்கள் போக முடியவில்லை. செய்தியை வாசித்துக் காட்டினேன். "கடைசி வரைக்கும் கூடு நின்னுச்சுல்ல" என்று மட்டும் கேட்டார்.

ரீல்ஸைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். "நான் ஏதாவது அசிங்கமா பண்ணிட்டேனாம்மா?" எழுபது வயதைத் தாண்டிய ஒரு தொழிலாளியை, தன் சொந்த வேலையைத் தொட்டதற்காக இப்படிக் கேட்க வைத்திருக்கிறீர்கள். வீடியோவை நீக்கச் சொல்லி நான் கெஞ்சப் போவதில்லை. என் பக்கத்தில் வெட்டாத முழு வீடியோ இருக்கிறது, அந்தப் பெரியவர் எழுந்து கை பிடிக்கிற இடத்தோடு. வேண்டுமென்றால் அதையும் பகிருங்கள்.

இதற்குக் கீழே வந்து ஏசியின் அருமையை யாரும் எனக்கு விளக்க வேண்டாம். பழைய ரேக்கில் போனவர்கள் எழுதுங்கள். லேக் மார்க்கெட், டாலிகஞ்ச் பக்கம் இருந்தவர்கள், எண்பதுகளில் ஐசிஎஃப்பில் மெட்ரோ பெட்டி வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள். ஷெல்லா ஃபர்னிஷிங்கா என்பதையும் சொல்லுங்கள், அப்பா முதலில் அதைத்தான் கேட்பார். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.