ரயில் நிலையம் போன கதை

மத்திய ஐரோப்பாவின் சைலீசியா பகுதியில் உள்ள சியெஷின் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஊர் போலந்துக்கும் செக் நாட்டுக்கும் பிரிந்ததை அது நன்றாகச் சொல்கிறது. ஆனால் 1920-க்கு முந்தைய கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். இந்த ஊரை ஆண்ட பியாஸ்ட் என்ற போலிஷ் வம்சத்துப் பிரபுக்கள் 1327-லேயே பொஹீமிய (இன்றைய செக் பகுதி) மன்னருக்குக் கட்டுப்பட்டவர்கள். 1653-இல் அந்த வம்சம் அற்றுப்போக, ஊர் நேரடியாக ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கைக்குப் போனது. 1742-இல் சைலீசியாவின் பெரும்பகுதியை ஜெர்மன் அரசான பிரஷ்யா பிடுங்கிக்கொண்டபோதும் இந்த மூலை மட்டும் ஆஸ்திரியாவிடமே தங்கியது. அதனால்தான் இதன் கதை, பிரஷ்யாவிடம் போன பிரெஸ்லாவ் (இன்றைய வ்ரோத்ஸ்வாஃப்) பக்கத்துக் கதை மாதிரி இல்லை.

1920-இல் ஓல்சா ஆற்றையே எல்லையாக்கினார்கள். கோட்டை, பழைய சந்தைச் சதுக்கம் எல்லாம் போலந்துப் பக்கம். ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு! 1911 முதல் அந்த நிலையத்திலிருந்து பாலம் கடந்து ஊருக்குள் ஓடிய டிராம், நடுவில் எல்லை வந்தபின் 1921-இல் நின்றேபோனது. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் டிராமையெல்லாம் யோசித்திருப்பார்களா என்ன?

அப்புறம் 1938. செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்த ம்யூனிக் ஒப்பந்தத்தை ஒட்டி, ஊரின் செக் பாதியைப் போலந்து எடுத்துக்கொண்டது. கட்டுரை இதைத் தொடவே இல்லை. போலந்தை வெறும் பலியாளாக மட்டும் காட்டுவது சரியில்லை. ஓராண்டு முடிவதற்குள் இரண்டு கரையும் ஜெர்மனியிடம். 1945-இல் மறுபடி அதே ஆற்று எல்லை.

கோட்டைக்குள் இருக்கும் வட்டத் தேவாலயம் போலந்தின் 20 ஸ்வாட்டி நோட்டில் இருக்கிறது. கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்.