திட்ட வேண்டியது அந்தப் பெண்ணை அல்ல

அந்தக் குரல்பதிவை ஹூஸ்டன் தமிழ்க் குழுக்களில் இதற்குள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "டாக்டர்கூடக் கிடையாது, ஏதோ பி.ஏ.வாம். அப்பா வலியில் துடிக்கிறார், மாத்திரை எழுத மாட்டேன்னுட்டா." அந்தப் பி.ஏ. நான் இல்லை. ஆனால் நானும் வலி கிளினிக்கில் வேலை பார்க்கும் பி.ஏ.தான்: ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதுகிறவள். அவள் எழுத மறுக்கவில்லை. டெக்சஸ் சட்டப்படி அவளால் எழுத முடியாது.

ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் போன்ற கடும் வலி மாத்திரைகள் பழக்கமாகிவிடும் அபாயம் உள்ளவை, அதனால் அரசு அவற்றைக் கடும் கட்டுப்பாடுள்ள இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தவருக்கும், அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கும், ஹாஸ்பிஸில், அதாவது இறுதிக்காலப் பராமரிப்பில், இருப்பவருக்கும் ஒரு பி.ஏ. அவற்றை எழுதலாம். அதே நோயாளி கிளினிக்குக்கு வந்தால் எழுதக்கூடாது. ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரைகள் 2014 அக்டோபர் வரை கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணையில் இருந்தன, பி.ஏ.க்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அட்டவணை மாறியதும் நின்றுபோனது. அவர்களுடைய படிப்பு அன்றைக்கு ராத்திரியோடு காணாமல் போய்விட்டதா?

"படிப்பு போதாது, அதனால்தான் தடை" என்பீர்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீளத் தரும் பூப்ரினார்ஃபின் மருந்தை எழுத 2016இல் எங்களுக்கு அனுமதி தந்தபோது, டாக்டர்களுக்கு 8 மணி நேரப் பயிற்சி, எங்களுக்கு 24. படிக்க மாட்டோம் என்றா சொன்னோம்? 2023 ஜூனிலிருந்து டாக்டர், பி.ஏ. எல்லோருக்கும் ஒரே 8 மணி நேரம். அதிலும் போதைப் பழக்கம்தான் மையம். வருடக்கணக்காக வலியோடு வாழ்பவரிடம் எப்படிப் பேசுவது, டோஸை எப்படி மெல்ல மெல்லக் குறைப்பது என்பதை நான் கற்றது வேலையில்தான். யார் எழுதலாம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். எழுதுகிறவருக்கு வலியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பதில்லை.

"இந்த மாத்திரைகளை இஷ்டத்துக்கு எழுதித்தானே இத்தனை பேர் செத்தார்கள்?" உண்மைதான். ஆக்ஸிகோடோன் மாத்திரை விற்ற பர்டூ ஃபார்மாவின் இணை நிறுவனம் 2007இலும், பர்டூ ஃபார்மாவே 2020இலும் குற்றத்தை ஒப்புக்கொண்டன. ஆனால் அப்புறம் வந்த பயமும் ஆட்களை வதைத்தது. 2016இல் சிடிசி, அதாவது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், சொன்ன வரம்பு (ஒரு நாளுக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவு) ஒரு வழிகாட்டல்தான். பல இடங்களில் அதைச் சட்டம்போலப் பிடித்துக்கொண்டார்கள். திடீரென நிறுத்தினால் தற்கொலைவரை போகலாம் என்று 2019இல் மருந்துகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ எச்சரிக்க வேண்டிவந்தது. 2022இல்தான் சிடிசி அந்த அளவைப் பரிந்துரைகளிலிருந்து எடுத்தது. நடுவில் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்துக்கு யார் பதில் சொல்வது?

எங்களிடம் வருகிற ஒரு பெரியவர், முதுகில் கம்பி வைத்தவர். மேற்பார்வை டாக்டர் விடுப்பில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாத்திரை தீர்ந்து வந்தார். அவருடைய ஸ்கேன், டோஸ், எத்தனை மணிக்கு வலியில் விழிக்கிறார் என்பது வரை எனக்குத் தெரியும். பதிலுக்கு வந்த டாக்டர் அவரைப் பார்த்ததே இல்லை, கையெழுத்துப் போடத் தயங்கினார். கையெழுத்து திங்கட்கிழமைதான் கிடைத்தது. அந்த மூன்று ராத்திரியும் நான் தூங்கவில்லை. அவர் எப்படித் தூங்கியிருப்பார்?

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஆட்கள்தான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் "டாக்டருக்கு இடம் கிடைக்கலையாம்மா?" என்று கேட்பதும் நீங்கள்தான், அவசரத்துக்கு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்வதும் நீங்கள்தான். நான் எடுக்காமல் இருந்ததில்லை.

டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடும். அந்தக் குரல்பதிவை உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் வெட்டிவிடுங்கள்.