'வெட்டாதே' என்று சொல்லும் நகரம் மரத்தை வைத்திருக்கவும் கை கொடுக்க வேண்டும்

போன சனிக்கிழமை, ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு பிறந்தநாள் வீடு. கராஜ் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அண்ணை கேட்டார்: "காசு குடுத்து வாங்கின காணி. வரி கட்டுறது நான், சருகு கூட்டுறதும் நான். என்ர மரத்தைத் தறிக்க நகரசபையிட்டை ஏன் போய்க் கேக்க வேணும்?" சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் பதில் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கத்தான் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அண்ணையின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் வீடு 1950களின் கடைசியில் கட்டிய பங்களா. பின்வளவில் ஒரு சில்வர் மேப்பிள் நிற்கிறது. ஒருநாள் மனைவியின் தையல் நாடாவை எடுத்துப்போய், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய நெஞ்சு மட்டத்தில், மரத்தைச் சுற்றி அளந்தேன். 163 சென்ரிமீற்றர். 3.14ஆல் பிரித்தால் விட்டம் கிட்டத்தட்ட 52. ரொறன்ரோவில் தனியார் காணியில் நிற்கும் மரத்துக்குச் சட்டம் போட்டிருக்கிற கோடு 30 சென்ரிமீற்றர் விட்டம். தையல் நாடாவில் 94 காட்டினால் கோட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேலே போன மரத்தைத் தறிக்கவோ வேரைச் சேதப்படுத்தவோ அனுமதி வேண்டும். மார்க்கத்தில் கோடு இன்னும் கீழே, 20 சென்ரிமீற்றர். அண்ணை, இது உங்களுக்கு.

எப்படி முடிவெடுக்கிறார்கள்? விண்ணப்பத்தோடு ஆர்பரிஸ்ட், அதாவது மரநிபுணர் ஒருவரின் அறிக்கை கொடுக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். நகரத்தின் மரப்பிரிவு ஆட்கள் மரத்தின் நிலையைப் பார்ப்பார்கள். செத்த மரம், தேறாத நோய் பிடித்த மரம், இன்றோ நாளையோ விழப்போகிற மரம் என்றால் அனுமதி இல்லாமலே தறிக்கலாம், ஆனால் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். நல்ல மரம் என்றால் வீட்டு வாசலில் 14 நாளுக்கு அறிவித்தல் பலகை நிற்கும், அயலவர் கருத்துச் சொல்லலாம். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எங்கள் பகுதிக்கு அது ஸ்காபரோ கொமியூனிற்றி கவுன்சிலுக்குப் போகும். அங்கே கவுன்சிலர்கள் கூடியிருந்து ஒரு தனி மரத்தைப் பற்றி வாக்களிப்பார்கள். அந்தக் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலை இணையத்தில் யாரும் வாசிக்கலாம். நேரம் கிடைத்தால் வாசித்துப் பாருங்கள். சருகு, ஓக் விதை, வேர் கிளப்பிய டிரைவ்வே, பக்கத்து வீட்டுக்காரரின் பயம், எல்லாம் அதில் இருக்கும். அனுமதி இல்லாமல் தறித்து மாட்டினால் ஒரு மரத்துக்கு 500 டொலரில் இருந்து 100,000 டொலர் வரை தண்டம் போகலாம்.

காணி பள்ளத்தாக்குப் பாதுகாப்பு எல்லைக்குள் இருந்தால் மரத்தின் பருமன் கணக்கே இல்லை, சின்ன மரத்துக்கும் அனுமதி வேண்டும். ஹைலண்ட் கிரீக் பக்கம், ரூஜ் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் இதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, முன்வளவில் தெருவோரமாக நிற்கிற மரம் பல வீடுகளில் உங்களுடையதே இல்லை, நகரத்துடையது.

இனி அண்ணையின் 'ஏன்' என்ற கேள்விக்கு வருகிறேன். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரொறன்ரோவில் சுமார் 1 கோடியே 15 இலட்சம் மரங்கள். அதில் பாதிக்கு மேல் தனியார் காணிகளில்தான் நிற்கின்றன. நகரத்தின் நிலப்பரப்பில் 28 முதல் 31 வீதம் வரை மரநிழல். 2050க்குள் அதை 40 வீதமாக்குவது நகரசபையின் இலக்கு. பார்க்கிலும் தெருவோரத்திலும் மட்டும் நட்டு அந்த இலக்கை எட்ட முடியாது. எங்கள் வளவுகளில் நிற்பவை நின்றால்தான் உண்டு.

இதைவிடக் கிட்டத்தில் ஒரு காரணம் சொல்கிறேன். எங்கள் மேப்பிளின் நிழல் பின்னேரத்தில் எங்கள் வளவில் விழுவதே இல்லை. நாலு மணிக்குப் பிறகு அது வேலியைத் தாண்டிக் கிழக்குப் பக்கத்து வீட்டுக் குசினிச் சுவரில் ஏறிவிடும். அந்த வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு கிரேக்க அம்மா தனியாக இருக்கிறார். ஏசி போட மாட்டார். யூலை மாதத்தில் அந்த நிழலில்தான் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கிறார். மரம் என்னுடையதுதான். ஆனால் அதை நான் தறித்தால் வெக்கை அவருக்கு.

எங்கள் ஊரிலும் இது புதுக்கதை இல்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை இவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது என்று இலங்கையில் 1951இலேயே சட்டம் வந்துவிட்டது. பஞ்சம் வந்தால் ஊருக்குச் சோறு போடுகிற மரங்கள் அவை. கோடிப்பக்கத்தில் நின்ற பலா ஒன்றைத் தறிக்க அப்பு விதானையாரிடம் போனது, பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டு கந்தோருக்குச் சைக்கிள் உழக்கினது எனக்கு நினைவிருக்கிறது. வெயிலில் போய்வந்தார், அலுத்துக்கொண்டார். ஆனால் "என்ர மரம், இவை ஆர் கேக்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பலாமரம் என்றால் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே கேட்பது சரி. எதைப் பார்த்துக் கேட்கிறார்கள், கேட்ட பிறகு என்ன செய்கிறார்கள், எனக்கு மனவருத்தம் அங்கேதான்.

சட்டம் மரத்துக்குக் காவல் கொடுப்பது பருமனைப் பார்த்து. எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே பின்னேரத்தில் மூன்று மரத்தைத் தறித்தார். மூன்றும் நல்ல மரங்கள், இருபத்தேழு, இருபத்தெட்டுச் சென்ரிமீற்றர் இருக்கும். ஏன் என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு வருசம் விட்டா முப்பதாகிடும் தம்பி, பிறகு கேட்டுக்கொண்டு நிக்கோணும்" என்றார். மனுசன் கெட்டவர் இல்லை. காலையில் என்னைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்கிறவர். மரத்தைக் காக்கப் போட்ட கோடே மரத்துக்கு வயது வரமுதல் அதைத் தறிக்கச் சொல்லி அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது. அடிமரங்கள் இன்னும் நிலத்தோடு இருக்கின்றன, அவற்றின் மேல் பூச்சாடி வைத்திருக்கிறார்.

பருமனை மட்டும் பார்த்தால் இன்னொரு கோளாறும் வரும். ஐரோப்பாவிலிருந்து வந்த நோர்வே மேப்பிளை ஒரு காலத்தில் இங்கே தெருத்தெருவாக நட்டார்கள். அதன் விதை பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் போய் முளைத்து உள்ளூர் மரங்களை எழும்பவிடாமல் அமுக்குகிறது. அடர்ந்த நிழல், அடியில் புல்லும் ஒழுங்காக வராது. 31 சென்ரிமீற்றர் நோர்வே மேப்பிளுக்குக் காவல் உண்டு. இந்த மண்ணுக்கே உரிய ஓக் 25 சென்ரிமீற்றரில் நின்றால் அதைக் கேட்பாரில்லை. ஆஷ் மரங்களைக் கொல்கிற எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு 2007இல் ரொறன்ரோவுக்குள் வந்தபோது இங்கே சுமார் 860,000 ஆஷ் மரங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகுமா மரத்தின் இனத்தை இரண்டாம் பட்சமாக வைப்பது?

சரி, இப்போது காசுக்கு வருவோம். அண்ணையின் நியாயம் இங்கேதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் திரும்பி வந்தது. பிளம்பர் குழாய்க்குள் கமரா விட்டார், நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். பழைய களிமண் குழாய். ஒவ்வொரு மூட்டுக்குள்ளாலும் வேர், அவிழ்த்த தலைமயிர்க்கட்டு மாதிரித் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. தோண்டிக் குழாய் மாற்ற 8,000 டொலருக்கு மேல் முடிந்தது. பிறகு ஆர்பரிஸ்டைக் கூப்பிட்டேன். அவர் மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, மரம் நல்ல சுகமாக இருக்கிறது, தறிக்க அனுமதி கேட்டால் கிடைக்காது, கொப்புகளைக் குறைத்துப் பெரிய கவட்டில் ஒரு கேபிள் போட்டால் இன்னும் முப்பது வருடம் நிற்கும் என்றார். நியாயமாகத்தான் சொன்னார், நானும் விண்ணப்பிக்கவில்லை. சில்வர் மேப்பிள் கெதியில் வளரும், கெதியில் முறியும். 2013 டிசம்பர் பனிமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், ரொறன்ரோவில் மட்டும் சுமார் மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, கொப்பு விழுந்த சத்தம் இரவு முழுக்கக் கேட்டது. ஆகவே சில வருடத்துக்கு ஒருமுறை கொப்பு வெட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் போகிறது. வசந்தம் முடிகிற நேரம் விதைகள் பறந்து வந்து பீலிக்குள் முளைத்து நிற்கும். போன வருடம் ஒரு பக்கப் பீலியில் மட்டும் நாற்பது கன்று பிடுங்கினேன்.

என்னால் ஒருவாறு சமாளிக்க முடிகிறது. கிரேக்க அம்மாவின் பின்வளவில் இந்த மரம் நின்றிருந்தால்? ஓய்வூதியத்தில் இருக்கிற ஒருவரிடம் "மரம் நல்ல மரம், தறிக்க முடியாது" என்று கடிதம் கொடுத்தால் அதோடு நகரத்தின் வேலை முடிந்துவிடுகிறது. கொப்பு வெட்டும் செலவு, குழாய்ச் செலவு, காற்றடிக்கிற இரவில் வருகிற பயம் எல்லாம் அவருக்கு. ஊருக்கே பொதுவான பயன், செலவு மட்டும் ஒரு வீட்டுக்கு. அனுமதி மறுக்கிற அதே கடிதத்தில், இந்த மரத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொப்பு வெட்டும் செலவில் இவ்வளவை நகரம் ஏற்கும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். குறைந்த வருமானத்தில் இருக்கிற முதியவர்களிடமிருந்து தொடங்கட்டும்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். பேஸ்மென்டில் வெள்ளம் வராமல் வால்வு, பம்ப் போன்றவை போட எல்லாமாக ஒரு வீட்டுக்கு 3,400 டொலர் வரை நகரம் மானியமாகக் கொடுத்து வந்திருக்கிறது. அதுவும் தனியார் வீடுதான். நோர்த் யோர்க்கில் கோரல் கேபிள் டிரைவில் நிற்கிற சிவப்பு ஓக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 250 வயது, சுற்றளவு 5 மீற்றர். ஒரு தனியார் வீட்டின் பின்வளவில், சுவரோடு ஒட்டினமாதிரி நின்றது. 2018இல் நகரசபை அந்த வீட்டையே வாங்கச் சம்மதித்தது. விலை 780,000 டொலர், அந்தத் திட்டத்துக்கு 430,000 டொலரைப் பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்கு அதில் சந்தோசம்தான், ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். தனியார் காணியில் நிற்கிற மரத்துக்குப் பொதுக்காசு போடலாம் என்று நகரமே அங்கே ஒத்துக்கொண்டுவிட்டதே! ஒரு பெரிய ஓக்குக்குச் செய்ததில் ஒரு சின்னத் துளியை ஆயிரம் சாதாரண மேப்பிள்களுக்குச் செய்தால் என்ன?

மரம் தறிக்க அனுமதி கொடுக்கும்போது பதிலுக்கு நடச் சொல்கிறார்கள். நட இடமில்லை என்றால் கன்றுக் கணக்கில் காசு வாங்குகிறார்கள், நான் பார்த்தபோது ஒரு கன்றுக்கு 583 டொலர். பின்வளவில் இன்னொரு சிறிய குடியிருப்பைக் கட்ட 2022இல் நகரசபை அனுமதித்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. வீடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வாடகைக்கு இடம் கிடைக்காமல் படுகிற பாடு தெரியும். ஆனால் இடித்துக் கட்டி விற்கிறவர் 583 டொலரை வீட்டு விலையோடு சேர்த்துவிடுவார், அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குடியிருக்கிற மனிசருக்குத்தான் ஒவ்வொரு டொலரும் பாரம். அந்தக் காசில் ஒரு பகுதியையாவது நிற்கிற மரங்களைப் பராமரிக்கக் கொடுக்கலாம். புதுக்கன்று என் மேப்பிளளவு நிழல் தர நான் இருப்பேனோ தெரியாது.

எல்லை மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு இதில்தான் சண்டை வருகிறது. ஊரில் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்கு மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். ஒன்ராறியோவின் வனச்சட்டப்படி அடிமரம் எல்லைக்கோட்டில் நின்றால் அது இரண்டு வீட்டுக்கும் பொதுச்சொத்து. ஒருவர் மற்றவரைக் கேட்காமல் தறித்தால் குற்றம். அடிமரம் என்றால் எது என்று ரொறன்ரோவில் இரண்டு அயலவர் ஒரு நோர்வே மேப்பிளுக்காக நீதிமன்றம் போனார்கள். நிலமட்டத்தில் மட்டுமல்ல, வேரிலிருந்து எழும்பிக் கொப்பு பிரிகிற இடம் வரைக்கும் எங்கே கோட்டைத் தொட்டாலும் பொது மரம்தான் என்று 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகரத்தின் அனுமதி கையில் இருந்தாலும் அயலவரின் சம்மதம் வேண்டும். வக்கீலுக்குப் போகமுதல் வேலியருகே போய்க் கதையுங்கள்.

கவுன்சிலர் அலுவலகத்துக்கு இந்தப் பராமரிப்புச் செலவு விசயமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஆங்கிலப் பிரதியை அனுப்புகிறேன். பின்வளவில் பெரிய மரம் வைத்திருந்து செலவோடு மல்லுக்கட்டுகிற அம்மா அப்பா இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள், அவர்களின் கையெழுத்துத்தான் எனக்கு முக்கியம்.

வருகிற வியாழக்கிழமை எங்கள் மரத்துக்குக் கொப்பு வெட்ட வருகிறார்கள். நேற்று கிரேக்க அம்மா வேலியருகே வந்து, கிழக்குப் பக்கம் நீண்டிருக்கிற பெரிய கொப்பைக் கைகாட்டி, அதையும் வெட்டுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏணி வைத்து ஏறி அந்தக் கொப்பில் நீல ரிபன் ஒன்றைக் கட்டிவிட்டு வந்தேன், வருகிறவர்கள் தவறுதலாகக்கூடத் தொடக்கூடாது என்று.