கணக்கில் மெதுவாக வருகிறவர்கள்

தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரித் துறைகளில் பராமரிக்கும் கோப்புகளில் ஒன்று, மாணவர்களை 'மெல்லக் கற்போர்', 'மீத்திறன் மாணவர்' என்று இரண்டாகப் பிரிக்கும் பட்டியல். முதலாம் ஆண்டில் சேர்ந்த சில வாரங்களிலேயே பிளஸ் டூ மதிப்பெண்ணையும் முதல் இன்டர்னல் டெஸ்டையும் பார்த்து இதைப் போட்டுவிடுவோம். முதல் வகைக்கு ரெமிடியல் கிளாஸ், இரண்டாம் வகைக்குக் கூடுதல் பயிற்சி, இரண்டுக்கும் வருகைப் பதிவேடு, போட்டோ. தென் மாவட்டத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணிதத் துறைக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, அது கெடுதல்.

மணி பார்த்து எழுதும் தேர்வில் யார் வேகமாக எழுதுகிறார்கள் என்பதுதான் தெரியும். கைடில் இருக்கும் தேற்றத்தை வரி பிசகாமல் இறக்கி வைப்பவருக்கு முழு மதிப்பெண். "மூணாவது வரி எங்கேயிருந்து வந்தது?" என்று பேனாவை வைத்துவிட்டு யோசிப்பவர் பாதிக் கேள்வியோடு எழுந்து வருவார், நாம் அவரைப் பட்டியலில் சேர்த்துவிடுவோம். பட்டியல் ரகசியமாக இருப்பதும் இல்லை. நாலு மணிக்கு மேல் யார் யார் உட்கார வேண்டும் என்று அறிவித்தால் வகுப்புக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறப்பது அரிது.

அப்படிப் பட்டியலில் இருந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு) வகுப்பு. x² என்ற சார்பு எல்லாப் புள்ளிகளிலும் தொடர்ச்சியானது என்று நிறுவ வேண்டும். x² மதிப்பில் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று கொடுப்பது எப்சிலன் (ε); அதற்குள் நிற்க x, a-விலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பது டெல்டா. a என்ற புள்ளியில் எப்சிலனைக் கொடுத்தால், ஒன்று, ε/(2|a|+1) இரண்டில் எது சிறியதோ அதை டெல்டாவாக எடுத்தால் போதும். கைடில் இருக்கிறது. எல்லாரும் எழுதிவிட்டார்கள். இவள் எழுதவில்லை.

"என்னம்மா, முடியலையா?"

"சார், குடுத்தது எப்சிலன் மட்டும்தானே. டெல்டாவுக்குள்ள a எப்படி சார் வந்துச்சு?"

போர்டுக்கு வரச் சொன்னேன். எப்சிலனைப் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தாள். a ஒன்றாக இருந்தால் டெல்டா முப்பதில் ஒன்று. a நூறாக இருந்தால் 2010-இல் ஒன்று. கொஞ்ச நேரம் அந்த இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "தள்ளிப் போகப் போக டெல்டா சின்னதாயிட்டே போகுது சார். எல்லாப் புள்ளிக்கும் சேர்த்து ஒரே டெல்டா கிடைக்காது போல" என்றாள். "சரி, பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் மட்டும் பார்த்தா?" என்று கேட்டேன். "அப்போ நூறுக்கு வர்றதே எல்லாத்துக்கும் போதும்."

எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதுமானால் அதற்குச் சீரான தொடர்ச்சி என்று பெயர். நான் இன்னும் நடத்தாத அதை, அது எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதோடு சேர்த்து, அவளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு எடுத்த போர்ஷன் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பீரியட் முழுவதும் அதிலேயே போய்விட்டது.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பஸ் இருக்கிறது என்பதும், எல்லா ஊருக்கும் போகிற ஒரே பஸ் இருக்கிறது என்பதும் வேறு வேறு. கேட்டால் எளிதாகத்தான் தெரியும். ஆனால் பெரிய கணிதர்களே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். தொடர்ச்சியான சார்புகளை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கூடுதல் கிடைத்தால், அந்தக் கூடுதலும் தொடர்ச்சியாகவே இருக்கும் என்று 1821-இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி பாடநூலிலேயே எழுதினார். அது பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டை 1826-இல் நார்வே கணிதர் ஆபெல் காட்டினார். புள்ளிக்குப் புள்ளி மாறுவது எது, எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று தெளிவாகப் பிரித்து எழுத ஐரோப்பாவுக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. நாங்கள் அதே விஷயத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்கிவிட்டு, அதற்குள் புரியாதவரை மெல்லக் கற்போர் என்கிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு வருகிறவர்கள் யார்? பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் உப்பளத்தில் வேலை பார்க்கும் வீடுகளிலிருந்தும், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள். பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படிக்கவே அவர்களுக்கு இரு மடங்கு நேரம் வேண்டும். அதையும் சேர்த்துத்தான் 'மெல்ல' என்று கணக்கு வைக்கிறோம்.

கிறிஸ்தவக் கல்லூரி என்றால் காலை ஜெபமும் விழுமியக் கல்வி வகுப்பும் மட்டும்தானா? கணிதத்தில் கிறிஸ்தவக் கணிதம் என்று ஒன்று கிடையாது. எப்சிலன் எல்லாருக்கும் எப்சிலன்தான். அந்த அடையாளத்துக்கு ஏதாவது பொருள் இருந்தால், அது ஒரு பிள்ளைக்காக எவ்வளவு காத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்க வேண்டும். பொழுது சாயும் பதினோராம் மணி வேளையில் திராட்சத் தோட்ட வேலைக்கு வந்தவனுக்கும், காலையிலேயே வந்தவனுக்குக் கொடுத்த அதே ஒரு பணம் என்ற இயேசுவின் உவமையைச் சிற்றாலயத்தில் வாசித்துவிட்டு, வகுப்புக்குள் வந்து முதல் மணி நேரத்திலேயே ஆட்களைத் தரம் பிரிப்பது எப்படிச் சரியாகும்?

இந்த மண்ணிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறார். பிரான்சிலிருந்து 1937-இல் இந்தியா வந்த இயேசு சபைப் பாதிரியார் சார்லஸ் ரசீன். முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு சென்னை லயோலா. பிற்காலத்தில் பெரிய கணிதர்களான எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அவரிடம் படித்தவர்கள். இருவரும் 1953-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள், 1965-இல் அவர்கள் பெயரில் வழங்கும் தேற்றம் வந்தது. அவர்கள் மேதைகள், நம் பிள்ளைகள் அப்படியா என்று கேட்பார்கள். நான் சொல்ல வருவது மாணவர்களின் திறமையை அல்ல, ஆசிரியர் செய்ததை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தோடு நிற்காமல், அன்றைய புதிய கணிதத்தை இளைஞர்களுக்கு முன்னால் வைத்து, அவர்களை ஆராய்ச்சிக்கு அனுப்பினார். தேர்வுக்கு வெளியிலும் கணிதம் இருக்கிறது என்று அவர்கள் அறிந்தது ஒரு கல்லூரி வகுப்பறையில்.

இன்றைக்கு நிலைமை இறுக்கமானதுதான், மறுக்கவில்லை. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், நான்கில் விழுமியக் கல்வியும் சுற்றுச்சூழலும், ஐந்தில் என்.எஸ்.எஸ்., நடுவில் அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி வகுப்புகள். தமிழ்ப் பாடம் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. செய்யுளில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கப் பழகியவர்கள் நிரூபணத்திலும் அதையே கேட்கிறார்கள். ஆனால் சேர வருகிறவர்கள் பி.சி.ஏ.வையும் கணினி அறிவியலையும் கேட்கிறார்கள், கணிதத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. வகுப்பில் முப்பது பேர்கூட இல்லை என்று நிர்வாகம் கவலைப்படுகிறது. எனக்கு அந்தச் சின்ன வகுப்புதான் பலம். அறுபது பேர் இருந்தால் ஒவ்வொருவரையும் போர்டுக்கு அழைக்க முடியுமா?

செமஸ்டர் தேர்வின் 75 மதிப்பெண் பல்கலைக்கழகத்தின் கையில். இன்டர்னல் 25 எங்கள் கையில் இருக்கிறது. அதில் அசைன்மென்டுக்கு என்று போகும் மதிப்பெண்ணை, கைடைப் பார்த்து எழுதும் தாள்களுக்குக் கொடுக்காமல் போர்டுக்குக் கொடுக்கலாம். ஒரு தேற்றம், நேரக் கட்டுப்பாடு கிடையாது, தமிழில் பேசலாம், தப்பாகப் போனால் அழித்துவிட்டு அடுத்த வாரம் திரும்ப வரலாம். வரிக்கு வரி 'ஏன்' என்று கேட்போம், பதில் சொன்னால் முழு மதிப்பெண். எழுத்தில் பதிவு வேண்டும் என்றால் கேட்ட கேள்விகளை நானே எழுதி வைக்கிறேன். அடுத்த துறைக் கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன், பட்டியலை நிறுத்துவதையும் சேர்த்து. வேறு கல்லூரிகளில் கணிதம் நடத்துகிற நண்பர்கள் இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால், மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.