ஹங் லியுவின் ஓவியங்களில் வழிவது கண்ணீர் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர், மேசையில் கிடந்த, சீனாவிலிருந்து அமெரிக்கா வந்த ஓவியர் ஹங் லியுவின் ஓவியத் தொகுப்பைப் புரட்டிவிட்டு, "ஊரை விட்டு வந்த ஏக்கம்தானே? பாருங்க, எல்லா முகமும் அழுது வழியுது" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முதன்முதலில் அந்த ஓவியங்களின் முன்னால் நின்றபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. அன்றைக்கு அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹங் லியு 1948-ல் சீனாவின் வடகிழக்கில் சாங்சுன் நகரத்தில் பிறந்தவர். அந்த ஆண்டு, உள்நாட்டுப் போரில், மே முதல் அக்டோபர் வரை கம்யூனிஸ்ட் படை அந்த நகரத்தைச் சுற்றி வளைத்து நின்றது. பல்லாயிரம் பேர் பட்டினியால் செத்தார்கள். கைக்குழந்தையோடு தப்பி ஓடிய குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. கம்யூனிஸ்டுகளை எதிர்த்த தேசியவாதப் படையில் அதிகாரியாக இருந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா அவரை விவாகரத்து செய்யவேண்டி வந்தது. மகள் அப்பாவை மறுபடி பார்த்தது 1994-ல். நடுவில் 46 வருடம்.

பழையது எல்லாவற்றையும் ஒழிக்க மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் வீட்டில் இருக்கும் பழைய போட்டோவே ஆபத்தானது. சீருடையில் ஒரு முகம், நீண்ட அங்கி போட்ட ஒரு தாத்தா, அது போதும் குடும்பத்தையே குற்றவாளி ஆக்க. அதனால் அந்தக் குடும்பமும் தன் படங்களைத் தானே அழித்தது. ஹங் லியுவைப் பற்றி நான் படித்ததில் என்னை விடாமல் துரத்துவது இதுதான். வெளியாட்கள் வந்து எரிப்பது ஒன்று. பெற்றவர்களே பயந்துபோய், பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகத் தங்கள் கையாலேயே தாத்தா பாட்டி முகங்களை இல்லாமல் ஆக்குவது வேறொன்று.

1968-ல், இருபது வயதில், பெய்ஜிங் அருகே ஒரு கிராமத்துக்கு 'மறுகல்வி' என்று அனுப்பப்பட்டார். நான்கு வருடம் வயல் வேலை. நண்பர் ஒருவர் விட்டுவிட்டுப் போன கேமராவில் அந்த ஊர்க் குடியானவர்களைப் படம் எடுத்தார், அவர்களை வரைந்தும் பார்த்தார். பிறகு ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்த காலத்தில், சிறு வண்ணப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் மரத்தையும் சுவரையும் வயலையும் ரகசியமாக வரைந்தார். எல்லாம் சின்னச் சின்னப் படங்கள். கோஷமோ சிவப்புக் கொடியோ இல்லாத வெறும் மரத்தை வரைவதே அன்றைக்குத் தப்பு. பின்னாளில் அந்தப் படங்களுக்கு 'என் ரகசியச் சுதந்திரம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் சுவரோவியம் படித்தார். அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்தும் பாஸ்போர்ட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, 1984-ல் சான் டியேகோ வந்து சேர்ந்தார். அப்போது வயது 36.

இப்போது அந்த வழியும் வண்ணத்துக்கு வருகிறேன். அவர் பயின்றது சோவியத் வழி வந்த யதார்த்தப் பாணி. அதில் எல்லாக் கோடும் உறுதியாக இருக்கும். தொழிலாளியின் தோள் இரும்பு மாதிரி, தலைவரின் முகம் சூரியன் மாதிரி. அந்த முகத்தில் ஒரு துளி வண்ணம் கீழே வழிந்தால் வரைந்தவன் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாணியை முழுசாகக் கரைத்துக் குடித்தவர், ஒரு முகத்தை நேர்த்தியாக வரைந்து முடித்துவிட்டு, அதன்மேல் ஆளிவிதை எண்ணெயை விடுகிறார். எண்ணெய் வண்ணத்தை இழுத்துக்கொண்டு கன்னத்திலும் கழுத்திலும் இறங்குகிறது. தன் கையில் ஏறியிருந்த அரசாங்கத்தின் பிடியை அவர் கழுவி இறக்குகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதில் துக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்தைவிடத் துணிச்சல் அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் வரைந்தது பெரும்பாலும் பழைய போட்டோக்களைப் பார்த்து. 1991-ல் சீனா போனபோது, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த பாலியல் தொழிலாளர்களின் படங்கள் கிடைத்தன. ஸ்டூடியோவில் பொம்மைக் கார், புத்தகம், பூச்சாடி என்று எதையாவது பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக எடுத்த படங்கள். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அந்தப் பெண்களை ஹங் லியு ஆளுயரத்துக்கும் மேலே வரைந்தார். பழைய சீன ஓவியங்களிலிருந்து பறவையும் பூவும் பூச்சியும் கொண்டுவந்து அவர்களைச் சுற்றி வைத்தார். படையல் வைப்பதுபோல. போட்டோ அவர்களை ஒரு நொடியில் உறையவைத்து விலைச்சீட்டு ஆக்கியது. எண்ணெய் அந்த உறைவை இளக்குகிறது. முன்னால் நின்று பார்த்தால், அந்தப் பெண் இப்போதுதான் மூச்சு விட்டாள் போல இருக்கும்.

சொந்த வீட்டுப் படங்கள் சாம்பலாகிப் போனவர், யார் வீட்டிலும் மாட்டாத படங்களைத் தேடி எடுத்து மாட்டினார். இதை 'வேர்களைத் தேடும் பயணம்' என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்கு மெய்யாகவே கோபம் வருகிறது. அந்தப் படங்களில் இருக்கும் பெண்கள் யாரும் அவருடைய பாட்டி இல்லை. தனக்கு ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத மனிதர்களுக்குத்தான் அந்த இடத்தைக் கொடுத்தார்.

இதற்குச் சான்று வேண்டுமா? 2015 முதல் அவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கேயின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டார். 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் விரட்ட, ஓக்லஹோமா பக்கத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கூலி வேலை தேடி வந்த அமெரிக்க ஏழைகள். லாங்கேயின் புகைப்படத் தொகுப்பு இருப்பது ஓக்லாந்தில், ஹங் லியு வாழ்ந்த அதே ஊரில். 1936-ல் பட்டாணித் தோட்ட முகாமில் எடுத்த 'குடிபெயர்ந்த தாய்' படம் உலகத்துக்கே தெரியும். படத்தில் இருப்பவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 40 வருடத்துக்கு மேல் வெளியே தெரியாது. பெயரில்லாத இன்னொரு பெண். இந்த வரிசை ஓவியங்களில் வழிதல் குறைந்து, முகமெங்கும் வண்ண வண்ணக் கோடுகள் ஓடுகின்றன, மலையும் பள்ளமும் காட்டும் வரைபடத்தைப் போல. அப்போது சிலர் 'சீனப் பொருளை விட்டுவிட்டார்' என்றார்கள். வயலில் நான்கு வருடம் குனிந்து நின்றவருக்கு அந்தக் கூலிக்காரர்களின் முதுகைத் தெரியாதா? அவர் பொருளை மாற்றவே இல்லை.

'இரு பண்பாடுகளுக்கு நடுவே நிற்கும் ஓவியர்' என்ற வாசகத்தைக் கேட்டால் எனக்கு சான் ஹோசே கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 1988 ஓவியம்தான் ஞாபகம் வரும். தன் கிரீன் கார்டையே பெரிதாக்கி வரைந்தது. ஏழரை அடி அகலம். முகம் அவருடையது, கைரேகை இருக்கிறது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஃபார்ச்சூன் குக்கீ'. சீன உணவகத்தில் பில்லோடு தருவார்களே அந்தப் பிஸ்கட், சீனாவில் யாரும் சாப்பிடாதது, கலிஃபோர்னியாவில் பிரபலமானது. பிறந்த வருடம் 1948-க்குப் பதில் 1984. இந்த மண்ணில் கால் வைத்த வருடம்தான் பிறந்த வருடமாம். தலைப்பில் அரசாங்கத்தின் சொல், 'ரெசிடென்ட் ஏலியன்', அதாவது இங்கே குடியிருக்கும் அந்நியர்.

அதன் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். அமெரிக்கா வந்த நாளில் என் அப்பா பெயர் என் குடும்பப் பெயராகி, ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்மில் பல பேருக்கு இது நடந்திருக்கும். சீனத்தில் குடும்பப் பெயர்தான் முதலில், லியு ஹோங். இங்கே அதைத் திருப்பிப் போட்டு ஹங் லியு. அந்த அட்டை செய்த வேலையைத்தான் 'சீன அடையாள ஓவியர்' என்ற பட்டமும் செய்கிறது. சீனாவும் வேறு விதமாகச் செய்யவில்லை. 2019-ல் பெய்ஜிங்கில் ஏற்பாடாகியிருந்த அவருடைய கண்காட்சிக்கு ஓவியங்களை உள்ளே கொண்டுவர அனுமதி மறுத்துவிட்டார்கள். தான் படித்த ஊரிலேயே அவர் படங்களுக்கு இடம் இல்லை. 2021 ஆகஸ்ட் 7 அன்று புற்றுநோயில் இறந்தார். அதே மாதம் 27-ம் தேதி வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி திறந்தது.

நண்பருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓக்லாந்து விமான நிலையத்துக்காக 2006-ல் ஹங் லியு நீண்ட கண்ணாடிச் சுவர் ஒன்றில் கொக்குகளை வரைந்தார், உச்சந்தலை சிவந்த பெரிய கொக்குகள். சோங் வம்சத்துப் பேரரசர் ஹுயிசோங் 1112-ல் தன் அரண்மனை வாசலுக்கு மேலே பறந்ததாக வரைந்த கொக்குகளிலிருந்து வந்தவை அவை. வரைந்த பதினைந்தே வருடத்தில் அந்தப் பேரரசரின் தலைநகரம் விழுந்தது. எதிரிகள் அவரைச் சிறைபிடித்து வடகிழக்கின் கோடிக்குக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பாமல் அங்கேயே செத்தார். அதே வடகிழக்கிலிருந்துதான் 1948-ல் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வெளியே நடந்தது.