பரணில் கிடக்கும் லேப்டாப்பைக் கீழே இறக்குங்கள்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்காகத் தங்கை எடுத்து வைத்திருந்த சாமான்களில் அவளுடைய லேப்டாப்பும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. பேட்டரி செத்துவிட்டது. சார்ஜரில் போட்டால் விண்டோஸ் 7 திறக்கவே பத்து நிமிடம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவள், சின்ன போனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிடிஎஃப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

கையில் இருந்த 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது, பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான பதிப்பு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கணினியில் எதையும் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். வைஃபை வரவில்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டதும் போனின் இணையம் கணினிக்கு வந்தது, வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் அதிலேயே இறக்கிக்கொண்டோம். 2 ஜிபி ரேம் இருந்தால் மின்ட் ஓடும். ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே திணறும். சென்னை ரிச்சி தெருவில் பழைய 4 ஜிபி ரேம் ஒன்றும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி சின்னதாக ஒன்றும் வாங்கி வந்து மாட்டினேன். காசு செலவழிப்பதென்றால் முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். வேகத்தில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்து லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது. தங்கையிடம் கேட்டால் அப்படியொன்று இருந்ததே தெரியாது என்கிறாள். வாங்கிய சில மாதங்களிலேயே கடையில் கொடுத்து ஃபார்மட் செய்து, திருட்டு விண்டோஸைப் போட்டாயிற்று. ஆனால் அதே வருடம் பாடப்புத்தகத்தில் அவள் படித்தது ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள்! அதன் வழியில் வந்ததுதான் இன்றைய லிப்ரே ஆபிஸ். மின்ட்டில் அதைத் திறந்ததும், "அண்ணா, இது எனக்குத் தெரியுமே" என்றாள். பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவரும் சொல்லித் தராமல் விட்டுவிட்டோம்.

எல்லாருக்கும் லினக்ஸ் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிறவரும் ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவரும் மாற வேண்டாம். சில பழைய பிரிண்டர்கள் படாத பாடு படுத்தும். தமிழ்த் தட்டச்சுக்குக் கவலை இல்லை, ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை அப்படியே கிடைக்கும்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய கணினிகளில் கிடையாது. அதற்காக நன்றாக ஓடும் கணினியைக் குப்பை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. படிக்க, எழுத, வீடியோ வகுப்பு பார்க்க அது தாராளமாகப் போதும். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, ஒரு பைசா கேட்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று. நிறுவும்போது டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் தெரிவைக் கொடுத்தால் பழையது எதுவும் மிஞ்சாது. முதலில் படங்களைக் காப்பி செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு அதற்கே ஒரு மாலை முழுக்கப் போனது. தங்கையின் கல்லூரிச் சுற்றுலா, பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள், எல்லாம் அதில்தான் இருந்தன.